கனவில் கரையும் சொட்டு

காபியா டீயா என்று கேட்டுவிட்டு விடுதிக்காரர் வாசலிலேயே நின்றார். செண்பகவல்லி யோசித்துக்கொண்டிருந்தாள். யோசிக்கிற அளவுக்கு இது என்ன ராஜாங்க விஷயமா? அவளுக்கு அப்படித்தான். ‘காபியே’ என்று ஓர் அணியில் நிறுத்திவிட்டால் அரை மணி நேரம் பேசி, கூட்டத்தில் பாதிப் பேரை வீட்டுக்குப் போய் டீத்தூள் டப்பாவைத் தூக்கியெறிய வைத்துவிடுவாள். அடுத்த வாரம் ‘டீயே’ என்று நிறுத்தினால் அதே டப்பாவை அவர்களையே தேடி எடுக்க வைப்பாள். பட்டிமன்ற மேடைகளில் கொடிகட்டிப் பறக்கிறவள். உனக்கு எது வேண்டும் என்று கேட்டால் மட்டும் உள்ளே ஒரு பதிலும் இருக்காது.

“எது சூடா இருக்கோ அதைக் குடுங்கண்ணே,” என்றாள் கடைசியில்.

ஒரு காலத்தில் நல்ல மனிதர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லு, அது போதும் என்றார். அவளும் உள்ளே தேடித்தான் பார்த்தாள். சரியும் அகப்படவில்லை, வேண்டாமும் அகப்படவில்லை. பாவம், அந்த மனிதர் கொஞ்ச காலம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் தாலி கட்டிக்கொண்டார். அதற்காக வருத்தப்படக்கூட அவளுக்கு வரவில்லை.

பட்டிமன்றக் குழு இந்தத் தடவை இறங்கியிருந்த ஊர் கள்ளிவிளை. தெற்குக் கடலோரம். ஊரைத் தாண்டினால் தேரிக்காடு, செக்கச்செவேலென்று மணல். ஆடிக் காற்றில் அந்த மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முந்தின நாள் மேடாக இருந்தது மறுநாள் பள்ளமாகிவிடும். அந்தச் சிவப்புக்கு அப்பால், கடலை ஒட்டி, வெள்ளை வெளேரென்று விண்பேழை நின்றது. புழுதி எழும்பும்போது இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும். இன்னும் கொஞ்சம் எழும்பினால் அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாது.

நட்சத்திரங்களுக்கு நடுவே ஏதோ ஓர் உலகத்துக்கு ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போகிற பேழை அது. போய்ச் சேர இருநூறு வருஷம் ஆகும். ஏறியதும் உறைதூக்கத்தில் படுத்துவிடுவார்கள். அங்கே போய்த்தான் கண் விழிப்பது. திரும்பி வருவது என்கிற பேச்சே கிடையாது. நாளைக் காலை ஏறுகிறார்கள், இன்று சாயங்காலம் வழியனுப்பு விழா. நம் ஊரில் விழா என்றால் பட்டிமன்றம் இல்லாமலா? ‘மனிதனுக்குப் பெருமை சேர்ப்பது மண்ணா, விண்ணா?’ நடுவர் பேராசிரியர் திருமலைக்கொழுந்து. செண்பகவல்லி விண் அணி.

விடுதிக்காரர் கடைசியில் காபிதான் கொண்டுவந்தார். கூடவே ஓர் ஆணையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்தார். “உங்களப் பாத்தே தீருவோம்னு நிக்காவம்மா,” என்றார்.

ஆண் மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தான். முன்கையில் பேழையின் படத்தைப் பச்சை குத்தியிருந்தான். சட்டையில் பேழை, தோளில் போட்டிருந்த துண்டின் கரையிலும் பேழை. பெண் முப்பத்தைந்து வயதிருப்பாள். காலில் செம்மண் அப்பியிருந்தது. முகம் சிடுசிடுவென்றிருந்தது.

“வணக்கம்க்கா. நான் சுடலைமணி. காத்தாலையில, கரண்டு எடுக்குத காத்தாடியில வேலை. இவ எம் பொண்டாட்டி இசக்கியம்மா. நாளைக்கு ஏறுதவங்கள்ல நாங்களும் உண்டு,” என்றான் அவன்.

“உண்டா இல்லையான்னு இன்னும் முடிவாவல,” என்றாள் அவள்.

“அட, இருடி. அக்காகிட்ட முறையாச் சொல்லுவோம்.”

“என்னத்த முறையா? ஊரெல்லாம் பிளக்ஸ் வச்சிட்டாவ அக்கா. ‘விண்ணேறும் சுடலைமணி இசக்கியம்மாள் தம்பதியரை வாழ்த்துகிறோம்’னு, தாய்மாமன்ல இருந்து முடிவெட்டுத அண்ணாச்சி வரைக்கும் அத்தன பேர் மூஞ்சியும் போட்டு. என் படத்த எங்கேருந்து எடுத்தாவன்னு தெரியல, கல்யாண வீட்டுப் பந்தியில நான் அப்பளத்தக் கடிக்குத படம். அதுக்குப் பின்னால நெலாவும் நட்சத்திரமும்! வேட்டும் போட்டாச்சு, கெடா வெட்டிச் சோறும் போட்டாச்சு. வாரியாட்டின்னு என்னைய ஒரு வார்த்த கேட்டாவளா?”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

சுடலைமணி நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். “எல்லாத்துக்கும் காரணம் நீங்கதான்க்கா. போன ஆடியில எங்க காத்தாலைக்காரங்க ஊருல நீங்க பேசுனிய. விண் அணி. ‘அண்ணாந்து பாக்கணும்னுதான் நமக்குக் கழுத்தையே குடுத்திருக்கு’ன்னு சொன்னிய. நான் தெனமும் காத்தாலை உச்சியில நிக்கவன். அங்கேருந்து கீழதான் பாத்துக்கிட்டு இருந்தேன், அத்தன வருசமும். அன்னைக்குத்தான் மேல பாத்தேன். மறுநாளே பேர் குடுத்துட்டேன். கையோட திருச்செந்தூருக்கு நடந்தே போய் மொட்டை, ஏறுத வரைக்கும் முடி வளக்கதில்லன்னு நேர்ச்சை.”

“நான் அதே ஆடியில எந் தங்கச்சி ஊருக்குக் கோயில் கொடைக்குப் போயிருந்தேன்,” என்றாள் இசக்கியம்மா. “அங்க நீங்க மண் அணி. ‘செருப்பக் கழத்திட்டு நில்லுங்க, நீங்க யாருன்னு உங்க பாதத்துக்குத் தெரியும்’னு சொன்னிய. நான் அழுதுட்டேன். செருப்பக் கையில தூக்கிக்கிட்டு வீடு வந்து சேந்தா, வாசல்ல இவுக மொட்டத் தலையோட நிக்காவ.”

“இப்ப வீட்டுல தெனமும் சண்டைக்கா. நான் உங்க பேச்சுல ஒண்ணு எடுத்து விடுவேன். இவ உங்க பேச்சுலயே ஒண்ணு எடுத்து விடுவா. அக்கம்பக்கத்துல பட்டிமன்ற வீடுன்னே பேரு வச்சிட்டாவ.”

“ஜோடிக்குத்தான் இடம்,” என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. “நான் ஏறலன்னா இவுகளும் ஏற முடியாது. ஏறுன்னு என்னைய இவுக ஒரு நாளும் கட்டாயப்படுத்தல. உனக்கு இஷ்டமில்லன்னா விட்டுருவோம்னுதான் சொல்லுதாவ. ஆனா சொல்லும்போது அந்த மூஞ்சியப் பாக்க முடியலக்கா.”

சுடலைமணி துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டான். “நாங்க பேசி வச்சிட்டுத்தான் வந்திருக்கோம். மேடையில பேசுததெல்லாம் கெடக்கட்டும். உங்க மனசுல இருக்குதது எது? மண்ணா, விண்ணா? நீங்க ஒண்ணு சொன்னா ரெண்டு பேரும் கட்டுப்படுதோம்.”

காற்று ஜன்னல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லி உள்ளே தேடினாள். ஆயிரம் மேடைகளில் பேசிய வார்த்தைகள் அத்தனையும் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றுகூட அவளுடையதில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்தப் பெண்ணின் செம்மண் பாதங்களைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

கைப்பையைத் திறந்து, கண்ணுக்கு விடுகிற மருந்துக் குப்பியைப் போன்ற ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“எம் மனசுல ஒண்ணும் இல்லம்மா. இருந்ததெல்லாம் இதுல இருந்து வந்தது.”

“என்னது இது?”

“நாங்க சொட்டுன்னு சொல்லுவோம். எதுலயும் பிடிப்பே இல்லாம கட்டில்லயே கிடக்கிற நோயாளிங்களுக்காகக் கண்டுபிடிச்ச மருந்து. நாக்குக்கு அடியில ஒரு சொட்டு விட்டுக்கிட்டு, எதை மூணு தரம் வாய்விட்டுச் சொல்றமோ அதுமேல அப்படியே ஆவேசம் வந்துரும். நடிப்பு இல்ல, நிஜமாவே வரும். மேல் சிலிர்க்கும், அழுகை பொத்துக்கிட்டு வரும். கூட்டம் முடிஞ்சதும் வேன்ல படுத்துத் தூங்குவோம். ஒரு கனவு வந்தாப் போதும், எல்லாம் கரைஞ்சுரும். காலைல எந்திரிச்சா நான் என்ன பேசினேன்னு எனக்கே யாரோ பேசின மாதிரிதான் இருக்கும்.”

“இத எதுக்குப் போடணும்? நீங்கதான் நல்லாப் பேசுவியளே.”

“நல்ல பேச்சைப் போன்கிட்ட கேட்டா அதுவே எழுதிக் குடுக்குது. அப்புறம் ஜனங்க எதுக்கு வந்து மணல்ல உக்காரணும்? பேசுறவ உள்ளுக்குள்ள எரியுறாளான்னு பாக்கத்தான் வர்றாங்க. பொய்யா எரிஞ்சா ரெண்டே நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிடுறாங்க.”

சுடலைமணியின் முகம் வாடிப்போனது. “அப்ப என்னைய மேல பாக்க வச்சது மருந்தாக்கா?” என்றான். கொஞ்ச நேரம் பச்சை குத்திய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சிரித்தான். “ஆனா நான் சொட்டு விட்டுக்கிடலையே. அதுக்கப்புறம் எத்தன தடவ தூங்கி எந்திரிச்சாச்சு, எத்தன கனவு வந்தாச்சு! எனக்குக் கரையவே இல்லையே. அப்ப இது என்னோடதுதான்.”

அவனுக்கு அது போதுமாக இருந்தது. செண்பகவல்லிக்குத்தான் சுருக்கென்றது. தன்னிடம் ஓர் இரவுகூடத் தங்காத ஒன்று, கேட்டவனிடம் குடியேறிவிட்டிருக்கிறது.

இசக்கியம்மா குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, எனக்கு ஒரு சொட்டு குடுங்க.”

“எதுக்கு?”

“விண், விண், விண்ணுன்னு மூணு தரம் சொல்லிக்கிட்டு ஏறிருதேன். இவுக ஆசையும் தீந்துரும், எனக்கும் மனசு கெடந்து அடிக்காது.”

“அது மட்டும் கூடாதும்மா!” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. பேராசிரியர் திருமலைக்கொழுந்து. பக்கத்து அறையில் இருந்தவர், எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. உள்ளே வந்து செண்பகவல்லியை ஒரு முறை முறைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். “உங்ககிட்ட மறைக்க இனிமே ஒண்ணும் இல்ல. கேளும்மா. எங்க குழுவுல ஒரு சட்டம் உண்டு. சொட்டு விட்டுக்கிட்டவன் தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் கையெழுத்துப் போடக்கூடாது, சம்பந்தம் பேசக்கூடாது, நகைக்கடை வாசல் மிதிக்கக்கூடாது. ‘சேமிப்புக்குத் தங்கமே’ன்னு எங்க அணியில ஒரு அம்மா பேசிட்டு, நேரா நகைக்கடைக்குப் போயி வீட்டுப் பணத்தையெல்லாம் கொட்டிட்டு வந்து, அடுத்த நாள் அந்தக் குடும்பமே மண்டபத்து வாசல்ல வந்து உக்காந்துக்கிச்சு. அந்தக் கூத்துக்கு அப்புறம் போட்ட சட்டம். ஏன்னா சொட்டு கரையணும். கரைய கனவு வேணும். உறைதூக்கத்துல கனவே கிடையாது.”

“கனவு இல்லாட்டி?”

“கரையாது. இருநூறு வருஷம் உள்ளேயே கிடந்து உறைஞ்சிடும். அங்க போய்க் கண் முழிச்சப்புறம் நீ ஆயிரம் கனவு கண்டாலும் அசையாது. உன் ரத்தத்தோட ரத்தமா ஆயிடும். ஆயுசுக்கும் விண், விண்ணுன்னுதான் இருப்ப.”

இசக்கியம்மா பயப்படவில்லை. மாறாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்ததுபோல் இருந்தது. “அதான சார் வேணும்? ஆயுசுக்கும் சந்தோசமா இருக்குததுல என்ன தப்பு? இவுக அப்படித்தான இருக்காவ?”

செண்பகவல்லி பதிலைத் தேடினாள். என்ன தப்பு? நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் விட்டுக்கொள்கிற சொட்டுத்தானே?

“அதுக்கு முன்னால எங்க முருங்கை விளைய ஒருக்கா பாத்துட்டு வந்துருதேன்,” என்றாள் இசக்கியம்மா எழுந்து. “சொட்டு விட்டப்புறம் பாத்தா எனக்கு ஒண்ணும் தோணாதுல்லா. நீங்களும் வாங்கக்கா.”

தேரிக்குள் இறங்கியதும் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. ஊர், ஒலிபெருக்கி, வேட்டு, எல்லாமே எங்கோ தூரத்தில் யாரோ பேசிக்கொள்வதுபோல் ஆகிவிட்டது. காற்று மட்டும் இருந்தது. காலடியில் செம்மணல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. நடந்துவந்த தடம் திரும்பிப் பார்ப்பதற்குள் மூடிப்போனது. எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆகாயம்கூட ஓரத்தில் லேசாகச் சிவந்திருந்தது.

“இந்தத் தேரி நடக்கும்க்கா,” என்றாள் இசக்கியம்மா. “ஆடியில மேக்க இருந்து வந்து எங்க வேலிய மூடிரும். நான் ஓலைய வச்சு மறிப்பேன். அது ஓலைக்கு மேல ஏறி வந்து எட்டிப் பாக்கும். அள்ளி அள்ளிக் கொட்டுவேன். திரும்பவும் வரும். கல்யாணமாகி வந்ததுல இருந்து இதுகூட மல்லுக்கட்டுதான். சனியன் புடிச்ச மணலுன்னு வையாத நாளில்ல.”

“அப்புறம் எதுக்கு விட்டுட்டுப் போகமாட்டேங்குற?”

இசக்கியம்மா நின்று யோசித்தாள். “தெரியலக்கா. நான் போயிட்டா அது யாருகிட்டப் போயிச் சண்டை போடும்?”

அவளுடைய விளை ஒரு மேட்டுக்குப் பின்னால் இருந்தது. முருங்கை மரங்கள் காற்றில் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. பாதி மரங்களின் அடி மணலுக்குள் இருந்தது. ஒரு பள்ளத்தில் இசக்கியம்மா குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலைப் பறித்தாள். முழங்கை அளவு பறித்ததும் அடியில் ஈரம் தெரிந்தது. “பொறுங்க,” என்றாள். இருவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கிருந்தென்றே தெரியாமல் தண்ணீர் ஊறி வந்தது, சத்தமில்லாமல், தெளிவாக. அதில் ஆகாயம் ஓர் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தது.

அள்ளிக் குடித்தாள் செண்பகவல்லி. சில்லென்று, கொஞ்சம் இனிப்பாக இருந்தது. இசக்கியம்மா எழுந்து மரம் மரமாகப் போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் ஒரு மரத்தைத் திட்டினாள். இன்னொன்றின் அடியிலிருந்து காலால் மணலைத் தள்ளிவிட்டாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மேடையில் பேசுகிறபோது செண்பகவல்லி ஒரு நாளும் இப்படி அழுததில்லை. மேடை அழுகைக்கு ஓர் அழகு உண்டு. இது மூக்கு ஒழுகுகிற அழுகை. அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கவேண்டும் போல் இருந்தது. அந்த எண்ணம் வந்ததும் திடுக்கிட்டாள். ஒன்றை வேண்டும் என்று அவளுக்குத் தோன்றி எவ்வளவு காலமாயிற்று?

“போவோம்க்கா. சொட்டக் குடுங்க,” என்றாள் இசக்கியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கொடுக்காதே என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனால் என்ன காரணம் சொல்லி மறுப்பது? உன் துக்கத்தை நீயே சுமந்துகொண்டு போ என்று சொல்ல, துக்கமே தெரியாத தான் யார்? செண்பகவல்லி குப்பியை அவள் கையில் வைத்தாள். “இன்னைக்கு மேடைக்கு எனக்குன்னு இருந்தது இந்த ஒரு சொட்டுத்தான். நீ வச்சுக்க. நாளைக்கு ஏறுற வரைக்கும் யோசி,” என்றாள்.

சாயங்காலம் கடற்கரையில் கூட்டம் அலைமோதியது. பேழையில் போகிற ஆயிரம் பேரும் முன்வரிசைகளில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குப் போட்ட பொன்னாடைமேல் இன்னொரு பொன்னாடை. பின்னால் ஊர்சனம், விசிலும் கொட்டுமாக. நடுவர் வாயைத் திறக்கும் முன்பே கைதட்டல் தொடங்கிவிட்டது.

செண்பகவல்லியின் முறை வந்தது. ஒலிபெருக்கியின் முன்னால் நின்றாள். வழக்கமான நகைச்சுவையைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. நட்சத்திரங்களைப் பற்றி இரண்டு வரி சொன்னாள். தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது. முன்வரிசையில் சுடலைமணியின் மொட்டைத் தலை பளபளத்தது. பக்கத்தில் இசக்கியம்மா, கையை மூடியபடி. அந்தக் கைக்குள் குப்பி இருக்கிறதா? அதில் இன்னும் சொட்டு இருக்கிறதா? செண்பகவல்லிக்குப் பேச்சு நின்றுபோனது.

“போறது பெருமைதான்,” என்றாள் தட்டுத் தடுமாறி. “இல்லைங்கல. ஆனா… அழுதுக்கிட்டே போறவங்களும் இருப்பாங்க. அவங்களுக்குப் பெருமை இல்லையா? எனக்குத் தெரியல. நிஜமா எனக்குத் தெரியல. மன்னிச்சிருங்க.”

வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒருவர்கூடக் கை தட்டவில்லை. “அக்காவுக்கு மேலுக்குச் சொகமில்ல போல,” என்று யாரோ சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. நடுவர் எழுந்து எதையோ சொல்லிச் சிரிக்க வைத்து, விண் அணிக்குத் தீர்ப்புச் சொல்லி, விழாவைக் காப்பாற்றினார். இறங்கும்போது அவள் பக்கம் திரும்பாமலே, “என்னம்மா இப்படிக் கவுத்துட்ட?” என்றார்.

காலையில் எல்லாருக்கும் முன்னால் செண்பகவல்லி பேழை நிற்கிற மைதானத்துக்குப் போய்விட்டாள். பனிபோல் மெல்லிய புழுதி மிதந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஜோடி ஜோடியாக வந்தார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு. ஒருவரைப் போலவே ஒருவர் சிரித்தார்கள். இசக்கியம்மாவும் அப்படிச் சிரித்துக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது? நான் கொடுத்ததுதானே அது? கடவுளே, அந்தப் பெண் அழுதுகொண்டே வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இப்படி ஒரு வேண்டுதல் உலகத்தில் யாராவது வைத்திருப்பார்களா!

சுடலைமணி முதலில் வந்தான். தலைக்குமேல் கைகூப்பிப் பேழையைக் கும்பிட்டான். அவனுக்குப் பின்னால் இசக்கியம்மா. கண் இரண்டும் வீங்கி, மூக்கு சிவந்து, பார்க்கச் சகிக்காத கோலம். செண்பகவல்லி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

“இந்தாங்க,” என்று குப்பியைக் கொடுத்தாள் இசக்கியம்மா. திறக்கவே இல்லை. “நேத்து நீங்க நல்லாவே பேசலக்கா.”

“தெரியும்மா.”

“அதப் பாத்துட்டுத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு. இவ்வளவு பேசுதவுகளுக்கே தெரியலன்னா, எனக்குத் தெரியாம இருக்குததுல குத்தமில்லன்னு தோணிச்சு.”

“அப்ப போகலதானே?”

“போறேன்.”

செண்பகவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “மனசில்லாம எதுக்கும்மா போகணும்?”

“மனசு இருக்குக்கா. இந்தா, இந்த மண்ணுமேல இருக்கு. உறைதூக்கத்துல கனவு கெடையாது, எதுவும் கரையாதுன்னு சார் சொன்னாவல்லா? ராத்திரி முழுக்க அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்ப இந்த அழுகையும் கரையாதுல்லா? இங்கயே இருந்தா ஒரு வருசத்துல எல்லாம் பழகிப் போயிரும். மணல வஞ்சுக்கிட்டே கெழவியாயிருவேன். அங்க போயி இருநூறு வருசம் கழிச்சு எந்திரிக்கும்போது, நேத்துதான் ஊத்துத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கும் எனக்கு.” அவள் முன்னால் போகிற கூட்டத்தைக் காட்டினாள். “இவுக எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போறாவ. அங்க போயி இந்த மண்ண நெனச்சு அழுவுததுக்கு ஒருத்தி வேண்டாமா?”

இசக்கியம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, கணவனின் முதுகைப் பார்த்தாள். “இவுகளையும் விட்டுக்குடுக்க முடியாதுக்கா. எதிரணிய விட்டுட்டு நான் எங்க போயிச் சண்டை போட?”

“ஏட்டி, வாரியா?” என்று கூப்பிட்டான் சுடலைமணி.

“வாரேன், வாரேன். பேழ ஓடியா போயிரும்?” அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அழுதுகொண்டே படியேறினாள். மேலே போய் ஒரு தடவை தேரியைத் திரும்பிப் பார்த்தாள், வைவதற்கு வாயெடுத்ததுபோல. பிறகு உள்ளே போய்விட்டாள்.

பேழை மத்தியானம் கிளம்பியது. தேரி மணல் மொத்தமும் எழுந்து ஆகாயத்தில் நின்றது. அந்தச் சிவப்புக்குள் வெள்ளையாக ஒரு கீற்று மேலே போனது, அவசரமே இல்லாமல். கடற்கரை முழுக்க விசில், வேட்டு, கொட்டு. துண்டுகள் காற்றில் சுழன்றன. யார் யாரோ யார் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். செண்பகவல்லி நின்ற இடத்திலேயே நின்று அழுதாள். மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

பக்கத்தில் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்த ஒருவர் அவளைக் கவனித்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினார். “என்னம்மா, சொந்தக்காரங்க யாரும் போறாவளா?”

“ஆமாண்ணே. எங்க அணிக்காரி ஒருத்தி போறா.”

அவர் உற்றுப் பார்த்தார். “அட, நம்ம பட்டிமன்றத்து அக்கா! நேத்து நீங்க விண் அணியில்லா?”

“இல்லண்ணே,” என்றாள் செண்பகவல்லி. “நான் மண்.”